இறுகிப்போன ஸ்டீயரிங்

“ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு” என்று என் கணவர் முதலில் சொன்னது சிங்கப்பூரின் மார்சிலிங்கில், எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கார் பார்க்கில்தான். மேல்மாடிக்கு ஏறும் வளைவில் அவரால் வண்டியைத் திருப்ப முடியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் பவர் ஸ்டீயரிங் ஆயிலை மாற்றினார்கள். அடுத்த மாதம் பெல்ட்டை மாற்றினார்கள். பிறகு பம்ப்பையே மாற்றினார்கள். அவருக்கு ஸ்டீயரிங் இன்னும் இறுகிக்கொண்டே போனது.

நான்காம் முறை நானும் கூடப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக்கை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். “வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க லா! எதுக்கு எங்கள அலைய விடுறீங்க?”

அவர் கோபப்படாமல் சாவியை நீட்டினார். “நீங்களே ஓட்டிப் பாருங்கக்கா.”

லைசென்ஸ் வாங்கியதோடு சரி, அந்த வண்டியை நான் தொட்டதே இல்லை. கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளப்பினேன். ஒரே விரலுக்கு ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பியது. அவரைப் பார்த்தேன். சீட் பெல்ட்டை மாட்ட முடியாமல் அவர் விரல்கள் நழுவிக்கொண்டிருந்தன.

தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய், குணப்படுத்த முடியாது என்றார் டாக்டர். ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை நாங்கள் பேசுவதே இல்லை. இப்போது ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டுகிறேன். கார் பார்க் வளைவு வந்தால், “இன்னும் டைட்டாத்தான் இருக்கா?” என்று கேட்பார்.

“ஆமாங்க” என்று சொல்லி, ஒரு விரலுக்கே திரும்பும் ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துத் திருப்புவேன்.