பௌர்ணமியன்று ஊற்றிய வெல்லக் கரைசல்

வாளியில் இருந்தது வெல்லக் கரைசல். அதை டேங்க்கில் கவிழ்த்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

வேங்கிக்கால் பக்கம் ஒரு சின்ன உயிர் உரக் கூடத்தில் எனக்கு வேலை. வேர்க்கடலைச் செடியை வேரழுகலிலிருந்து காக்கும் பாக்டீரியாவை வளர்த்து, பொடியில் கலந்து பாக்கெட் போடுவோம். பொறுப்பு மேடத்துடையது. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். வெல்லமும் புண்ணாக்குச் சாறும் கொடுத்து டேங்க்கில் பாக்டீரியாவைப் பெருக வைப்பார். குறித்த நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். "பட்டினி கெடந்தாத்தான் அதுங்க தன்னைச் சுத்தி ஓடு கட்டும். ஓடு கட்டினாத்தான் பாக்கெட்ல உயிரோட இருக்கும்" என்பார். வயிறு நிறைந்தவை கணக்கில்லாமல் பெருகும், ஆனால் பொடிக்குள் சில வாரம்கூடத் தாங்காது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களைத் திருப்பிவிட்டதில் மேடத்தால் வர முடியவில்லை. "இனிமே எதுவும் ஊத்தாதீங்க, அப்படியே விட்டுடுங்க" என்று போனில் சொன்னார். பந்தலில் வாங்கிய சாம்பார் சாதத்தைத் தின்றுகொண்டே வாட்ச்மேன் டேங்க்கைப் பார்த்தார். "ஊரே அன்னதானம் போடுது, இதுங்கள மட்டும் பட்டினி போடுறீங்களே சார்!" விளையாட்டுப் புத்தி யாரை விட்டது? மிச்சமிருந்த வாளியை ஊற்றிவிட்டு, பதிவேட்டில் 'உணவு நிறுத்தப்பட்டது' என்று எழுதினேன்.

மறுநாள் பாக்டீரியா எண்ணிக்கை அமோகமாக இருந்தது. விதைப்பு நெருங்கிவிட்டதால் மேடம் பதிவேட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டார். பாக்கெட்டுகள் போயின.

பிறகொரு நாள் விவசாயி ஒருவர் அழுகிய கடலைச் செடிகளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். "உங்க பொடிய நம்பித்தான் வேற மருந்தே போடல மேடம்." மீதிப் பாக்கெட்டுகளைச் சோதித்தோம். உயிரே இல்லை. மேடம் என்னிடம், "எதாவது ஜாஸ்தி ஊத்துனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபேச்சில்லாமல் நம்பினார். தவறு தன்னுடையதே என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். நான் கோழை, வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் செங்கம் ரோட்டில் ஒரு துணிக்கடையில் அவரைப் பார்த்தேன். அங்கேதான் இப்போது வேலையாம். நலம் விசாரித்தவர் சற்றுத் தயங்கினார்.

"ஒரு லேப்ல கூப்பிட்டிருக்காங்க. நான் எங்க தப்பு பண்ணேன்னே தெரியாம எந்த தைரியத்துல போறது? உங்களுக்கு எதாவது தோணுதா?"

மேசைமேல் கிடந்த புடவையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"எனக்கும் புரியல மேடம்."

"அப்போ வேணாம்னு சொல்லிடறேன்" என்றபடி அவர் புடவைகளை மடிக்கத் தொடங்கினார்.