ஆறாம் விதியும் என் முட்டியும்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் தமிழர் சங்கத்துக்கு விதிமுறைகளை எழுதிக் கொடுத்தவன் நான். அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன தெரியும்? ஆறாம் விதியில் எனக்குத் தனிப் பெருமை. குடித்துவிட்டு வருபவர் கூட்டத்தில் உட்காரக் கூடாது, அன்றைய தேர்தலில் நிற்கவும் கூடாது. நிரூபணம் தேவையில்லை; தோற்றமே போதும்.

அந்த வருடம் என் செயலாளர் பதவிக்கு முதல்முறையாகப் போட்டி வந்தது. சங்கமோ ஒரு கடையின் மாடியில் இருந்தது. என் வலது முட்டி படியேற மறுத்தது. தேர்தலுக்கு முதல் நாள் டவுனில் ஒரு டாக்டரிடம் போய் முட்டிக்குள் ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் வலி கூடலாம், முகம் சிவக்கலாம் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். படிக்காமலே கையெழுத்துப் போடும் அதிகாரியைப் போலத் தலையாட்டிவைத்தேன்.

மறுநாள் காலை மனைவி காப்பியை நீட்டியபடி நின்றுவிட்டாள். "என்னங்க, மூஞ்சி ரம்புத்தான் பழமாட்டம் செவந்து கெடக்கு?"

முட்டி வேறு வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்துத் தள்ளாடித் தள்ளாடி மாடியேறி என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மளிகைக்கடைக்காரரான தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிராணி ஐயா, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"ஊசிங்க. முட்டியில போட்டது."

"முட்டியில போட்டா மூஞ்சி ஏன் லா செவக்குது?" என்றது பின்வரிசை.

வேட்டியைத் தூக்கிக் காட்டினேன். ஊசித் தடம் கொசுக்கடி அளவுக்குக்கூட இல்லை.

"வேணும்னா ஊதிக் காட்டுறேன்."

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "ஊதறதப் பத்தி இதுல ஒண்ணுமில்லயே. தோற்றமே போதும்னு நீங்கதான எழுதுனீங்க? அடியில கோடு வேற போட்டிருக்கீங்க."

கோடு நேராகத்தான் இருந்தது. எழுந்தேன். இருவர் கைத்தாங்கலாக என்னைத் தெருவில் இறக்கிவிட்டார்கள். சந்தேகப்படாமல் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் அதைப் பார்த்ததும் நான் குடித்திருப்பது உறுதியாயிற்று.

மூன்றாம் நாள் வலி பறந்துவிட்டது. எதையும் பிடிக்காமல் மாடியேறிப் புதிய செயலாளரிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் எழுதியிருந்த கூட்டக் குறிப்பைக் காட்டினார்: 'முன்னாள் செயலாளர் தோட்றத்தின் பேரில் வெளியேறினார்.'

ஊசியைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கலாம். பேனாவை வாங்கி, தோற்றத்துக்கு 'ற்' போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.