அண்ணன் எழுதிய பக்கங்கள்

மருந்துக்கடைகளுக்காக, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு அண்ணனும் தங்கையும் சேர்ந்து உதவிப் பக்கங்கள் எழுதினார்கள். அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த மறுவருஷம், மென்பொருள் குழு, அதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தை மாற்ற முடிவு செய்தது. அதற்கு, பக்கங்களை எழுதியவர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

"போனவர்கிட்ட எப்படிம்மா கேக்கறது? அவர் பகுதியை நீங்களே புதுசா எழுதிடுங்க. பேரையும் எடுத்துடலாம்" என்றார் குழுத் தலைவர்.

மத்தியானம் தன் மருந்துக்கடையில் கூட்டம் ஓய்ந்ததும் தங்கை எழுத உட்கார்ந்தாள். 'பதறாதீங்க, எதுவும் தொலைஞ்சு போகல' என்று கை தானாகத் தட்டியது. அச்சு அசல் அண்ணன் வாக்கியம். அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். அதுவும் அண்ணன் குரலிலேயே காதில் விழுந்தது. கணினியை மூடிவிட்டு அண்ணியிடம் போனாள்.

"என்னால முடியல அண்ணி. எதை எழுதினாலும் அண்ணன்தான் பேசுது. அந்த எழுத்துக்கு உரிமை இப்ப உங்களுக்குத்தான். நீங்களே சொல்லுங்க."

 "எனக்குச் சம்மதம்னு எழுதிடு. ஆனா பேரு இருக்கணும்" என்றாள் அண்ணி.

குழு ஒப்புக்கொண்டது. பக்கங்கள் அண்ணன் பெயரோடு வெளிவந்தன. அடுத்த வாரமே முகம் தெரியாத ஒரு கடைக்காரர் தங்கை பார்க்கும் குழு முகவரிக்கு, அந்தப் பெயரைக் குறித்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: "ஐயா, ஒரு சந்தேகம். உங்களோட எப்பப் பேசலாம்?"

தங்கை பதில் எழுதாமல் அதை அண்ணிக்கு அனுப்பிவைத்தாள்.