ஒற்றை விரலில் ஒரு கிரஞ்ச் பாட்டு

லைட்ஹவுஸ் குப்பத்துச் சபையில் பதினேழு வருஷம் கிட்டார் வாசித்தவள் ஜெபசெல்வி. வாரத்தில் ஆறு நாள் ஏரியில் இறால் தடவுவாள். ஆழமில்லாத தண்ணீரில் குந்தியபடி சேற்றைக் கையால் துழாவி, அகப்படும் இறாலைப் பல்லில் கடித்திருக்கும் பறி என்ற ஓலைக்கூடைக்குள் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதே கைகள் பாமாலைக்கு வாசிக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழியில் கெளுத்தி மீனின் முள் அவள் இடது கையில் ஏறியது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஏரிக்குப் போனாள். நாலாம் நாள் முழங்கை வரை வீங்கிப் போய், பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கீறிச் சீழ் எடுத்ததில் கை பிழைத்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன.

மிச்ச விரல்களால் இறால் தடவப் பழகிக்கொண்டாள். கிட்டாருக்கு அவை போதவில்லை. ஒரு ஞாயிறு முயன்று பார்த்தாள். பாதியில் கம்பிகள் பிசிறடிக்க, அதை மறைப்பதற்காகச் சபையே உரக்கப் பாடியது. அந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றோடு வாசிப்பதை விட்டாள்.

போன வருஷம் அவள் தம்பி தானியேலுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. நாலு பேர் தங்கும் அறையில் இடமில்லை என்று, தன் எலக்ட்ரிக் கிட்டாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனான். போன கையோடு வாட்ஸப்பில் ஒரு பாட்டு அனுப்பினான். அவன் பிறப்பதற்கு முன்னால் அமெரிக்காவில் வந்தது. அந்த வகை ராக் பாட்டுக்கு கிரஞ்ச் என்று பெயராம்.

சோற்றில் கை வைத்திருந்த அவள் புருஷன் ஸ்டீபன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னா செல்வி இது? எவனோ தொண்டையில முள்ளு மாட்டிக்கினு கத்துற மாரி கீது."

"அவன் கத்தறத உடுய்யா. கீழ கிட்டார் போவுது பாரு, அத கேளு."

சபைப் பாட்டில் கிட்டார் குரலுக்குப் பின்னால் பணிவாக வரும். இந்தப் பாட்டில் அது கோபித்துக்கொண்டு முன்னால் போனது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

பகலில் ஏரி, சாயங்காலம் கிட்டார் என்றானது. பாட்டை இரண்டிரண்டு விநாடியாக நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகக் கம்பியில் தேடினாள். பத்து நாளில் எல்லாம் அகப்பட்டன, பாட்டு தொடங்கும் அடிச் சுரத்தைத் தவிர. தடித்த கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினாலும், பாட்டு அதற்கும் கீழே நின்றது.

தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், கிட்டாருலயே இல்லாத சுரத்த அவன் எப்டிடா வாசிக்கிறான்?"

"தெர்லக்கா. கஷ்டமா கீதுனு நான் அப்பவே உட்டுட்டேன். வீடியோ எதுனா இருந்தா தேடிப் பாரேன்."

முதலில் வந்த வீடியோவில் ஒருவன் வேகமாக இங்கிலீஷ் பேசி, நாலு விரலையும் அகல விரித்துக் காட்டினான். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை எரிச்சலில் அந்தக் கம்பியின் முறுக்காணியைப் பிடித்துத் தளர்த்தினாள். சுருதி கெட்டால் கெட்டுப்போகட்டும் என்றுதான் தளர்த்தினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கி, ஓரிடத்தில் போனும் கிட்டாரும் ஒரே குரலில் உறுமின. அதுதான் அந்தச் சுரம். அடுத்த சுரத்துக்குப் போக, ஆள்காட்டி விரலைத் தடித்த கம்பிகள் மூன்றின் மேலும் குறுக்கே படுக்க வைத்தாள். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முழு கார்டும் கேட்டது. விரலை அப்படியே நகர்த்தினாள். அடுத்த கார்டும் வந்தது. கம்பி இறங்கியதும், பல விரல் செய்ய வேண்டியதை ஒரே விரல் செய்தது.

"யோவ், இங்க வா! ஒரு விரலு. ஒரே விரலுய்யா!"

ஸ்டீபனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகும் ஆறு வாரம் உழைத்தாள். உப்புத் தண்ணீரில் ஊறிய விரலில் கம்பி பட்டுத் தோல் உரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தாள்.

புத்தாண்டன்று மத்தியானம் குப்பத்தில் விளையாட்டுப் போட்டி. பரிசு கொடுப்பதற்கு முன் ஜெபசெல்வி மேடையேறினாள். டிரம்ஸுக்குக் கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கும் நாகப்பனைச் சொல்லி வைத்திருந்தாள்.

"நீ ஆரம்பிம்மா, நான் புட்ச்சிக்கிறேன்" என்றார் அவர்.

பாட யாருமில்லை. கிட்டார் மட்டும்தான். முதல் உறுமலில் மேடைக்கு முன்னால் இருந்த கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. நடுவில் பாட்டு அடங்கி, ஒற்றைக் கம்பி மெல்ல முனகும் இடம் வந்தது. முடிந்துவிட்டது என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவள் டிரம்ஸ் பக்கம் திரும்பித் தலையாட்டினாள். நாகப்பன் குச்சியை ஓங்கினார். இருவரும் சேர்ந்து இறங்கிய வேகத்தில் தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு விசில் பறந்தது.

அவளோடு இறால் தடவும் கஸ்தூரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "ஏய் செல்வி, இன்னொரு வாட்டி போடுடி! எனுக்கு நெஞ்சு இன்னும் அட்ச்சிக்கினு கீது."

அவள் இன்னொரு தடவை வாசித்தாள். முதல் தடவை ஓரிடத்தில் தடுமாறியிருந்தாள். அது யாருக்கும் தெரியாது. இரண்டாம் தடவை அந்த இடமும் சுத்தமாக வந்தது.

இப்போது அவளுக்கு அந்த மாதிரிப் பாட்டு நாலு தெரியும். ஐந்தாவதில் ஒரு இடத்துக்கு மூன்று விரல் வேண்டும் போலிருக்கிறது. அதற்கு என்ன வழி என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.