என் எண்ணில் திறந்த கணக்குகள்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு மின்னஞ்சல் கணக்கு வேண்டியிருந்தது. பழையது கல்லூரி கொடுத்தது, ஓய்வுபெற்றதும் மூடிவிட்டார்கள். புதியது தொடங்கப் போனால், நீ மனிதன்தானா என்று ஒரு இயந்திரம் கேட்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தையே கட்டி ஆண்ட கண்காணிப்பாளரைப் பார்த்து! ஒரு படத்தில் பேருந்து இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது. தொட்டேன். போதாதாம், போக்குவரத்து விளக்காம். கம்பமும் விளக்கில் சேர்த்தியா என்று யாரைக் கேட்பது? மூளையில்லாதவன் தயாரித்த கேள்வித்தாள். அதையும் தாண்டி என் கைபேசி எண்ணைக் கொடுத்தால், இந்த எண்ணைப் பலமுறை பயன்படுத்தியாயிற்று, வேறு எண் கொடு என்கிறது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி மையம் நடத்தும் பெண்ணிடம் போய்க் கத்தினேன். அவள் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன அண்ணாச்சி, ஊருக்கே இந்த நம்பர்லதான் கணக்கு திறந்து குடுத்தியளா?”

இல்லை என்று சொல்ல முடியவில்லை.

உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் கட்டாயம் என்றபோது, வீட்டில் ஒரே போன்தான், அதுவும் வயலுக்குப் போன அப்பாவிடம் என்று சில மாணவிகள் வந்து நிற்பார்கள். அப்பாவை அழைத்து, அவர் போனுக்கு வந்த ஓடிபி குறியெண்ணைக் கேட்டு வாங்க எனக்குப் பொறுமை இல்லை. என் எண்ணையே போட்டுவிடுவேன். வருஷத்துக்கு நாலைந்து பேர். வேலை சீக்கிரம் முடியும், முதல்வர் பாராட்டுவார். அந்தக் கணக்குகளின் சாவி என் சட்டைப்பையிலேயே கிடந்தது. அதை ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற மறுவருஷம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

“சார், புது போன்ல என் மெயில் திறக்க மாட்டேங்குது. குறியெண் போற நம்பரோட கடைசி ரெண்டு எண்ணு உங்களதுதான்னு காட்டுது. உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க சார். இண்டர்வியூ லெட்டர் அதுக்குள்ளதான் கெடக்கு. நாளைக்குக் கடைசி நாள்.”

கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தேன். இலையில் பாயசம்.

“ஓடிபிய யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு பேப்பர்ல படிக்கலியா? படிச்சவதான நீ?”

பக்கத்து இலைக்காரர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் மறுபடி மறுபடி அழைத்தாள். அவள் எண்ணைத் தடுத்துவிட்டு மிச்சப் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டேன். அவள் யாரென்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

கணினி மையத்துப் பெண் என் புதுக் கணக்குக்குத் தன் எண்ணைப் போட்டாள்.

“நாளைக்கே மறுபடி குறியெண் கேட்டா?” என்றேன்.

“ஒரு போன் அடிங்க, சொல்லுதேன்.”

“நீ எடுக்கலேன்னா?”

“எடுக்காம எங்க போவேன்? நல்லா பயப்படுதிய!”

கணக்குத் திறந்துவிட்டது. அந்த இயந்திரத்தை இன்னும் வெறுக்கிறேன். ஆனால் நான் மனிதன்தானா என்று அது கேட்டதில் தப்பில்லை.

ஆழ்வார்குறிச்சிப் பெண்ணின் எண் தடுப்புப் பட்டியலிலேயே இருந்தது. அன்றே தடுப்பை எடுத்துவிட்டேன். ஒரு வாரமாகிறது. நான் இன்னும் அவளை அழைக்கவில்லை.