தேயிலைப் பொட்டலத்தில் தொலைந்த ஆடு

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் நேற்று ஒரு படப்புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வரி எழுத்துக்கூட இல்லாத புத்தகம். திறந்ததும் அச்சு மையின் வாசனை முகத்தில் அடித்தது. படங்களைப் பார்க்கும் முன்பே நான் குன்னூருக்குப் போய்விட்டேன். நாள் முழுக்கத் திரையில் எழுத்தை நகர்த்தி நகர்த்திச் சலித்த மனம். ஓடிப்போக ஒரு சாக்கு கிடைத்தால் போதும் அதற்கு.

குன்னூரில் ஒரு சிறிய அச்சகத்தில்தான் எனக்கு முதல் வேலை. வடிவமைப்பாளன் என்று சொல்லிக்கொள்வேன். செய்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை நடுவில் நிறுத்துவதுதான். கொஞ்சம் ஓரம் சாய்ந்த பிள்ளையார்களும் உண்டு. தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை, கல்யாணங்களே தள்ளிப்போயின. பறித்த பச்சை இலையை வாங்க ஆளில்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அது வாடிப் புளிக்கும் வாசனை மஞ்சூர்ப் பாதையில் வளைவுக்கு வளைவு வரும்.

அப்போதுதான் மஞ்சூர்ப் பக்கம் சின்ன ஃபேக்டரி வைத்திருந்த போஜன் எங்களிடம் வந்தார். ஏலத்தில் யாரும் கேட்காத தூளைத் தானே பொட்டலம் போட்டு விற்பதாக யோசனை. பொட்டலத்துக்குள் ஒரு பட அட்டை. வாராவாரம் கதை நகரும். அடுத்த படத்துக்காக அடுத்த பொட்டலம் வாங்குவார்கள்.

"கத நின்னா ஃபேக்டரியும் நின்னுருமுங்க," என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

படம் வரைய வந்தவர் பத்மினியக்கா. பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அக்கா மஞ்சூரில் இருந்துகொண்டே ஒரு சிறுவர் மாத இதழுக்குப் பல வருடம் தபாலில் படம் வரைந்து அனுப்பியவர். அந்த இதழும் அப்போது நின்றுபோயிருந்தது. வீட்டில் அவரும் பள்ளி முடித்த மகளும் மட்டும்.

கதை இதுதான். மஞ்சூர் பஸ்ஸில் ஒருத்தி ஆட்டோடு ஏறுகிறாள். கொண்டை ஊசி வளைவில் பஸ் நிற்கும்போது ஆடு இறங்கி ஓடிவிடுகிறது. வெறும் கயிற்றோடு அவள் மலை முழுக்கத் தேடுகிறாள். ஒவ்வொரு அட்டையிலும் ஆடு எங்கோ இருக்கும்: இலை மூட்டைகளுக்கு நடுவே ஒரு காது, தேயிலைச் செடிக்கு மேலே ஒரு கொம்பு. பார்க்கிற நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

செலவு கட்டாது என்று இரண்டே வண்ணம், கறுப்பும் பச்சையும். பனியை அக்கா வரையவே இல்லை. தாளை அப்படியே விட்டுவிட்டார். அந்த வெள்ளைக்குள் அவள் காலடி வைக்கும்போது எனக்கே குளிரும். பள்ளம் எத்தனை ஆழம் என்பதை முழங்கால் மடங்கியிருக்கும் விதத்திலேயே காட்டிவிடுவார். பிறகு எத்தனையோ பேரின் படங்களைப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன். அப்படி ஒரு முழங்காலை மறுபடி பார்க்கவில்லை.

படத்துக்குக் கீழே ஒரு வாசகம் போடலாமே என்று ஒருநாள் ஆரம்பித்தேன்.

"என்னன்னு போடுவீங்க தம்பி?"

"ஆட்டக் காணோம்னு."

"அதான் காணோமே," என்றார். இருவரும் டீ குடிக்கப் போய்விட்டோம்.

தேயிலை விளையும் ஊரில் தேயிலைப் பொட்டலம் யார் வாங்குவார்கள்? எல்லாம் கீழே மேட்டுப்பாளையம் போயிற்று. அச்சில் பழுதென்று கழித்த அட்டைகளை மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த சரசுவிடம் கொடுப்போம். வரிசையாகச் சுவரில் ஒட்டினாள். இலையைக் கொட்டிவிட்டு வருகிறவர்கள் கிளாஸைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நிற்பார்கள். "அந்த டிரம்முக்குப் பின்னால பாருங்க," என்று யாராவது விரல் நீட்டுவார். அந்தக் கடையில் இலை விலையைப் பற்றிப் பேசாமல் கழிந்த நேரம் அதுதான்.

கீழே விற்கவில்லை. பொட்டலங்கள் லாரியில் திரும்பி வந்தன. போஜன் அச்சகத்துக்கு வந்து, "போதுமுங்க," என்றார்.

"கடைசியா ஒண்ணு வரஞ்சு கதய முடிச்சிரலாமே?"

"ஆடு கெடச்சாப்ல எப்படிங்க போடறது? நேத்துத்தான் ஆளுகள எல்லாம் நிறுத்துனேன்."

கொஞ்ச நாளில் பத்மினியக்காவும் மகளோடு திருப்பூருக்குக் கிளம்பினார், பனியன் கம்பெனிக்கு. வழியனுப்பப் போனேன். மழை. பஸ்ஸின் ஜன்னல்கள் மூடி, கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சரசு கடையிலிருந்து இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"ஏனுங்க, அந்த ஆடு கெடைக்குமுங்களா?"

அக்கா உள்ளிருந்தபடியே கண்ணாடியில் விரலால் வரைந்தார். ஒருத்தி நடந்துபோகிறாள், பின்னால் ஆடு. சரசு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"கவுறு எங்கீங்க?"

ஜன்னலை விரலளவு நகர்த்தி, "அத அவ உட்டுட்டா," என்றார் அக்கா.

சரசு தலையாட்டினாள். சந்தோஷப்பட்டாளா, தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

ஃபேக்டரி இயந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் கடை. சாலையை அகலப்படுத்தியபோது சரசுவின் கடையை இடித்தார்கள், சுவரோடு அட்டைகளும் போயின. நானும் கோவைக்கு இறங்கிவிட்டேன்.

ஒரே ஒரு முறை பத்மினியக்கா போனில் பேசினார். பனியனில் அச்சடித்த படங்களைச் சரிபார்க்கிற வேலையாம். "கோணலா இருந்தா எடுத்துப் போட்டுரணும் தம்பி. வேற ஒண்ணுமில்ல."

"வரையறீங்களாக்கா?"

"ஊட்டுக்கு வந்தா கண்ணு அசந்துருது," என்றார். பின்னால் பெல் அடித்தது. வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு அந்த எண்ணுக்கு அழைத்தேன். வேறு யாரோ எடுத்து இந்தியில் பேசினார்கள். பத்மினி என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி யாரும் அங்கே இல்லை.