இரண்டு எஸ். ஜெபாக்கள்

நெமிலிச்சேரியில் குடியிருக்கும் ஜெபா ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் உலகப் புகழ் பெற்றிருந்தாள். அதற்காக அவள் செய்தது ஒன்றுமில்லை.

சொந்த ஊர் நாசரேத். கணவன் பாபுவுக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் ஆவடி தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஆராய்ச்சியும் உண்டு. இரைச்சலுக்கு நடுவே பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும் அடாப்டிவ் ஃபில்டர் அவள் துறை. இரைச்சல் மாற மாற அதுவும் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். ஸ்டேஷன் பக்கத்திலேயே வீடு என்பதால் இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. பிளாட்பாரத்தில் நின்று போனிலேயே பதிவுசெய்துகொள்வாள்.

ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும் ஓர் இணையதளம் அவள் பக்கத்தில் நூறு கட்டுரைகளுக்கு மேல் கொண்டுவந்து சேர்த்திருந்தது. அவள் எழுதியவை பத்தைத் தாண்டாது. மற்றதெல்லாம் கடலுக்கடியில் ஒலியைக் கேட்பது பற்றியவை. எழுதியவர் நார்வேயில் இருக்கும் இன்னொரு எஸ். ஜெபா. அவரும் அடாப்டிவ் ஃபில்டர்காரர்தான்.

திருத்தச் சொல்லி இணையதளத்துக்கு எழுதினாள். பதில் வருவதற்குள் கல்லூரி வாசலில் அவள் படத்தோடு பேனர் வந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டிருந்த கல்லூரி அட்டெண்டர் வேம்புலி ஏணியில் நின்றபடியே சிரித்தார்.

"மேடம், இன்னா மேடம், நீங்க இம்மாம் பெரிய ஆளுன்னு சொல்லவே இல்ல!"

"அண்ணே, இதைக் கழட்டிடுங்க. அது நான் இல்ல."

"போட்டோ நீங்கதான கீறீங்க?"

அவள் பிரின்சிபால் சுப்பராயனிடம் ஓடினாள்.

"சார், அதெல்லாம் வேற ஒருத்தரோடது. பேர் ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான்."

"நாம சொல்லலையேம்மா, வெப்சைட்தானே சொல்லுது? வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"யாராவது என்கிட்ட கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன் சார்."

"யார் கேக்கப் போறாங்க?" என்றார் அவர்.

கேட்டார்கள். வியாழக்கிழமை வந்த குழுவில் ஸ்ரீநாத் என்ற பேராசிரியர் ஒருவர். பேனரைப் பார்த்ததிலிருந்தே ஆவலாக இருந்திருப்பார் போல. லேபுக்குள் நுழைந்ததும் கைகூப்பினார்.

"உங்க கடலடிக் கட்டுரையை என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் நடத்தறேன்மா."

சுப்பராயன் ஜெபாவைக் கண்ணாலேயே கெஞ்சினார். ஜெபா ஸ்ரீநாத் பக்கம் திரும்பினாள்.

"மன்னிக்கணும் சார். அதை எழுதின ஜெபா நான் இல்ல. நான் கடலுக்குள்ள எல்லாம் போகல. ரயில்வே ஸ்டேஷனோட சரி."

பிரின்சிபால் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். ஸ்ரீநாத் ஒரு கணம் திகைத்துவிட்டு, "சரி, அந்த ஸ்டேஷனையாவது காட்டுங்களேன்" என்றார்.

பதிவைப் போட்டாள். எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று கடக்கும் சத்தம், வேறெதுவும் கேட்கவில்லை. ஃபில்டரை ஓடவிட்டாள். ரயில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று எழுந்தது.

"யோவ், இன்னாத்துக்கு இடிச்சிகினு போற? கண்ணு தெர்லயா ஒனக்கு?"

குழு மொத்தமும் சிரித்துவிட்டது. "பிரமாதம்மா, இன்னொரு தரம் போடுங்க" என்றார் ஸ்ரீநாத். சாயங்காலம் பேனரைக் கழற்றச் சொன்னவர் பிரின்சிபாலேதான். ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எதுவுமே நடக்காததுபோல் ஆகிவிட்டார்.

அந்த உற்சாகத்தில் அவள் நார்வேக்கு ஒரு மெயில் போட்டாள். பதில் தமிழிலேயே வந்தது. அவர் ஆண், மார்த்தாண்டத்துக்காரர். "உங்களுக்கு வரவேண்டிய திட்டெல்லாம் ரெண்டு வருஷமாக எனக்குத்தான் வருகிறது" என்று எழுதியிருந்தார். யாரோ ஒரு மாணவன் அவளுடைய கட்டுரையைத் தவறென்று சொல்லி அவரிடம் சண்டைக்கு வந்திருக்கிறான். அவரும் உட்கார்ந்து படித்துப் பார்த்து, கட்டுரை சரிதான் என்று பக்கம் பக்கமாக அவனோடு வாதாடியிருக்கிறார்.

தன் கட்டுரைக்காக இத்தனை தூரம் யாரும் சண்டை போட்டதில்லை. ஜெபா அந்த மெயிலைப் பாபுவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

அப்புறம் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆய்விதழ் அதைத் திருப்பி அனுப்பியது: 'ஆசிரியர் பெயர் தவறுதலாக இருமுறை வந்துள்ளது, ஒன்றை நீக்கவும்.' மெயிலைப் பார்த்த பாபு சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தான்.

இருவரின் போட்டோ, முகவரி எல்லாம் அனுப்பிய பிறகுதான் கட்டுரை வெளிவந்தது. இதற்குள் அந்த இணையதளமும் அவரவர் கட்டுரைகளை அவரவரிடமே சேர்த்திருந்தது. ஆனால் இந்தப் புதுக் கட்டுரையை யார் கணக்கில் வைப்பதென்று அதற்குத் தெரியவில்லை. மூன்றாவதாக ஓர் எஸ். ஜெபாவை உருவாக்கி, அவர் பக்கத்தில் அந்த ஒன்றை மட்டும் போட்டுவிட்டது.

"இதுக்கும் கம்ப்ளெயின்ட் பண்ணணுமா?" என்றான் பாபு.

"இருக்கட்டும் விடுங்க" என்றாள் ஜெபா. "பாவம், புதுசா வந்திருக்காங்க."